இல்லாமல் போன நம்ம தொகுதி

அன்பு மக்கா,

கடிதம் கிடைத்தது. முட்டுவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, ஆனால் மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டேன். கன்னிப்பூ நெல் அறுப்பு மழையில் பாதி போயிற்று. அதை எழுதினால் அழுகைதான் வரும், விடு.

உன் பேரன் கேட்டானாமே, "தாத்தா, நாகர்கோவில்னு ஒரு எம்.பி. தொகுதியே பட்டியல்ல இல்லையே, நீங்க எங்க ஓட்டு போட்டீங்க?" என்று. பொய் சொன்னதாக நினைத்துவிட்டானோ? அவனுக்கு நீ சொல்ல வேண்டியதை எழுதுகிறேன், வாசித்துக் காட்டு.

முதலில் ஒரு வேடிக்கை. அந்தத் தொகுதி பிறந்தபோது நாம் தமிழ்நாட்டில் இல்லை. முதல் பொதுத்தேர்தலில் நாகர்கோவில், திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த தொகுதி. ஜெயித்தவர் நேசமணி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில். தெற்குத் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராடிய கட்சி அது. 1954-ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம். அடுத்த தேர்தலில் தாணுலிங்க நாடார், பிறகு 1962-லும் 1967-லும் மறுபடி நேசமணி, இப்போது காங்கிரஸில்.

நேசமணி 1968-ல் காலமானார். அந்த இடைத்தேர்தல் உனக்கு நன்றாக நினைவிருக்கும். விருதுநகரில், சொந்த ஊரில், ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றுப்போன காமராஜர் இங்கே வந்து நின்றார். எதிரே சுதந்திராக் கட்சியின் டாக்டர் மத்தியாஸ், பின்னால் ஆளுங்கட்சியான தி.மு.க. நாம் இருவரும் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ரோட்டோரம் நின்றோமே, வேன் வந்தது, அந்த ஆள் சிரிக்கக்கூட இல்லை, கையை மட்டும் தூக்கினார். நீ "இவ்வளவுதானா?" என்றாய். ஆனால் பெருவாரியாக ஜெயித்தார். சாதிக் கணக்கு, கிறிஸ்தவ சபைக் கணக்கு எல்லாம் ஓடத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தோற்று வந்த பெரிய மனுஷனை வாசலில் நிறுத்தக் கூடாது என்ற ஒரு நினைப்பும் நம்ம ஜனங்களுக்கு இருந்தது.

1971-ஐ அவனிடம் அழுத்திச் சொல். மாநிலத்தில் 39 இடம். தி.மு.க. அணி 38-ஐ அள்ளிக்கொண்டு போயிற்று. மிச்சமிருந்த ஒன்று நாகர்கோவில், காமராஜர். 1975-ல் அவர் போகும்வரை நம்ம எம்.பி. அவர்தான்.

அப்புறம் 1977, எனக்கு முதல் ஓட்டு, அப்போது இருபத்தொரு வயது ஆக வேண்டும். குமரி அனந்தன் ஜெயித்தார். அதன்பின் டென்னிஸ். 1980 முதல் 1998 வரை ஆறு தேர்தல், ஆறும் அவரே, முதல் நான்கு காங்கிரஸில், கடைசி இரண்டு த.மா.கா.வில் (தமிழ் மாநில காங்கிரஸ்). 1999-ல் பொன்.ராதாகிருஷ்ணன், 2004-ல் மார்க்சிஸ்ட் பெல்லார்மின். அவ்வளவுதான் பட்டியல். கவனித்தாயா? தி.மு.க.வோ அ.தி.மு.க.வோ ஒரு தடவைகூட இல்லை. இதைக் "கொள்கை உறுதி" என்று டீக்கடையில் பெருமை அடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. டென்னிஸை ஒரு தேர்தலில் தி.மு.க. தூக்கிவிட்டது, இன்னொன்றில் அ.தி.மு.க. தூக்கிவிட்டது. பொன்னாரும் பெல்லார்மினும்கூட தி.மு.க. கூட்டணி தயவில் போனவர்கள்தான்.

தொகுதி போனது 2008-ல், தொகுதி எல்லைகளைத் திருத்திய மறுவரையறையில். கன்னியாகுமரி என்று பெயர் வைத்தார்கள். பெயரோடு எல்லையும் மாறியது, அதைத்தான் ஜனங்கள் மறந்துவிட்டார்கள். அதுவரை கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி நம்மோடு இல்லையே, திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் அல்லவா கிடந்தது! கொட்டாரத்தில் கட்டிக்கொடுத்த என் அக்காவுக்குக் கோசல்ராம் எம்.பி., எனக்கு டென்னிஸ். பஸ்ஸில் அரை மணி நேரம், எம்.பி. வேறே. இப்போது மாவட்டம் முழுக்க ஒரே தொகுதி. அதற்கு விலை, திருவட்டார் சட்டமன்றத் தொகுதி காணாமல் போனது, மாவட்டத்தில் ஏழாக இருந்த சட்டமன்றத் தொகுதிகள் ஆறாயின. அந்தப் பக்கத்துக்காரர்களின் கோபம் இன்னும் ஆறவில்லை, நியாயம்தான்.

புதுப் பெயர் வந்த முதல் தேர்தலிலேயே, 2009-ல், தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன் ஜெயித்தார். ஐம்பது வருஷம் நடக்காதது பலகையை மாற்றியதும் நடந்தது. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. அன்று மூன்று நாள் யோசித்தேன், விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு மட்டும் பரம திருப்தி. முன்பெல்லாம் ரோடு சரியில்லை, ரயில் இல்லை என்று நான் ஆரம்பித்தால், "உன் ஆளு, நீ பாத்துக்கோ" என்பாள். இப்போது இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே ஆளைத் திட்டுகிறோம்.

கும்பப்பூ அறுப்புக்கு வா, பேரனையும் கூட்டிக்கொண்டு. ரோட்டோரம் நாம் நின்ற இடத்தைக் காட்டலாம். இப்போது அங்கே ஒரு செல்போன் கடை.

உன்,
பழைய பெஞ்சுக் கூட்டாளி