லாரி ஏறும் முன்பே கெட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில், வீடு தேடி வரும் மரச்சாமான்கள் சேதமாவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். பழியெல்லாம் லாரி ஓட்டுநர் மீதும் சுமை இறக்குபவர்கள் மீதும் விழுந்திருந்தது. 25 ஆண்டுகளாக மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுபவன் நான். அடிபட்டுத் திரும்பும் சாமான்கள் என் பட்டறைக்குத்தான் வந்து சேர்கின்றன. அவற்றில் பல, லாரி ஏறும் முன்பே கெட்டவை.

அண்மையில் ஒரு சாப்பாட்டு மேசை வந்தது. உடைசல் இல்லை, கீறல் இல்லை. மேற்பலகை முழுவதும் அம்மைத் தழும்பு போல வட்ட வட்டமான தடங்கள். பாலிஷ் இறுகும் முன்பே பபிள் ராப்பை அதன்மேல் நேரடியாகச் சுற்றி, வெயிலில் நின்ற வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். தொட்டால் விரலில் ஒட்டவில்லை என்பதாலேயே பாலிஷ் காய்ந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. உள்வரை இறுகப் பல நாட்கள் பிடிக்கும். மரத்தை முதலில் தொடுவது மெல்லிய வெள்ளைத் தாளாகவோ பருத்தித் துணியாகவோ இருக்கட்டும். பபிள் ராப்பெல்லாம் அதற்கு மேல்தான். செய்தித்தாளைச் சுற்றவே வேண்டாம், மை இறங்கிவிடும். இதை ஒரு செய்தித்தாளுக்கே எழுத வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். டேப்பும் மரத்தில் படக் கூடாது; உரிக்கும்போது பாலிஷையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

அடுத்தது கால்கள். மேலிருந்து வரும் பாரத்தை மேசைக்கால் தாங்கும்; தரையில் இழுக்கும்போது பக்கவாட்டில் வரும் விசையை அதன் மூட்டு தாங்காது. கழற்றக்கூடிய கால்களைக் கழற்றித் தனியாகக் கட்டுவதே நல்லது. திருகுகளை ஒரு சிறு பையில் போட்டு அந்தச் சாமானோடேயே கட்டிவிட வேண்டும். திருகைத் தொலைத்துவிட்டு ஆணி அடித்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மூலைகளுக்கு அட்டையை மடித்துக் கொடுத்த பிறகே கயிறு போட வேண்டும். இல்லையென்றால் கயிறே விளிம்பை அறுத்துவிடும். கண்ணாடிப் பலகையைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தியே கொண்டுபோக வேண்டும். அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டும் டேப், உடைந்தால் சில்லுகள் சிதறாமல் பிடிக்கும், உடையாமல் காக்காது.

கம்பளத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அது என் தொழில் இல்லைதான். ஆனாலும் கம்பளம் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரோடு பல காலம் பழகியதில் கொஞ்சம் தெரியும். புடவையை மடிப்பது போலக் கம்பளத்தை மடித்தால், மடிப்பு விழுந்த இடத்தில் அடித்தள நூல் நைந்துபோகும். சுருட்டத்தான் வேண்டும். கையால் தடவினால் ஒரு திசையில் இழைகள் வழுவழுப்பாகப் படியும், எதிர்த்திசையில் முரடாக எழும்பும். படியும் திசையிலேயே, முடிந்தால் தடித்த அட்டைக் குழாயில் சுருட்ட வேண்டும். முதலில் பருத்தித் துணி, மழைக்காக அதன்மேல் பிளாஸ்டிக். வீடு வந்ததும் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட வேண்டும். ஈரம் சிக்கிய சுருள் வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் உள்ளே பூஞ்சை பூத்துவிடும். நிறுத்தி வைத்தால் சுருள் தொய்ந்து கீழ்முனை நசுங்கும். படுக்கவைத்து, மேலே பாரம் ஏற்றாமல் கொண்டுபோக வேண்டும்.

பெட்டி கட்டி முடிந்ததும் ஒரு முறை மெல்ல அசைத்துப் பார்க்கலாம். உள்ளே ஏதாவது நகர்ந்தால் கட்டு சரியில்லை; இடைவெளியைக் கசக்கிய தாளாலோ தெர்மாகோலாலோ அடைக்க வேண்டும்.

வாங்குபவர்களும் சும்மா இல்லை. போன வாரம் ஒருவர் லாரிக்காரரை வாயாரத் திட்டிக்கொண்டே ஓர் அலமாரிக் கதவைக் கொண்டுவந்தார். நடுவே நேர்கோடாக ஒரு கீறல். கட்டியிருந்த அட்டையையும் கூடவே எடுத்துவந்திருந்தார். டேப் ஓடிய இடத்தில் அட்டையில் ஒரு வெட்டு. கதவில் வைத்துப் பார்த்தேன், இரண்டும் பிசகாமல் பொருந்தின. எந்தக் கத்தியால் பிரித்தீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் லாரிக்காரரைப் பற்றிப் பேசவில்லை.

இப்படிக்கு,
பாலிஷ் பட்டறை வாசகன்