வழியிலே பிறக்கப்போகிறவர்கள் குறித்து: வியன்னா விண்வெளிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

புறவெளியை அமைதி வழியில் பயன்படுத்துவதற்கான ஐ.நா. குழுவின் உறுப்பினர்களுக்கும், குறிப்பாக அதன் சட்டத் துணைக்குழுவினருக்கும் வணக்கம்.

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இஸ்ரோவின் மகேந்திரகிரி வளாகம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. என்னிடம் படித்த சிலர் அங்கே பணியாற்றுகிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. விண்வெளி ஆய்வு வீண்செலவு என்பவர்களோடு வாழ்நாளெல்லாம் வாதாடியவன் என்பதால், இம்மடலை அவர்கள் பக்கத்திலிருந்து வந்த மறுப்பாகக் கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளில் குடியேற மனிதர்களை அனுப்பும் எண்ணம் இன்னும் தாளில் வரைபடமாக இருக்கும்போதே, அதைத் தங்கள் குழு சட்டக் கேள்வியாக எடுத்து ஆராய வேண்டும் என்பதே என் கோரிக்கை. என் கவலை முழுவதும் அந்தப் பயணத்தின் வழியில் பிறக்கப்போகிறவர்களைப் பற்றியது.

2016 ஆகஸ்டில், நம் சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரியைப் பூமிக்கு நிகரான எடையுள்ள கோள் ஒன்று சுற்றுகிறது என்ற செய்தி வந்தபோது, என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பாடத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அங்கே போய்ச்சேர எவ்வளவு காலமாகும் என்று கேட்டார்கள். கரும்பலகையிலேயே கணக்குப் போட்டோம். தொலைவு 4.24 ஒளியாண்டு, அதாவது ஏறத்தாழ 40 லட்சம் கோடி கிலோமீட்டர். நொடிக்கு 17 கிலோமீட்டர் செல்லும் வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் போனால் 74,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று விடை வந்தது. பின்னாளில், 2024 டிசம்பரில், பார்க்கர் விண்கலம் சூரியனை நெருங்கியபோது நொடிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது என்று படித்ததும் அதே கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தை வழி முழுவதும் காத்துக்கொள்ள முடிந்தாலும் 6,000 ஆண்டுகளுக்கு மேல். மாணவர்கள் அன்றே அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். நான்தான் அந்தக் கணக்கிலிருந்து வெளியே வரவில்லை.

இந்தக் காலத்தைக் கடக்கச் சொல்லப்படும் வழி தலைமுறைக் கப்பல். ஏறுகிறவர்கள் வழியிலேயே வாழ்ந்து மடிவார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கப்பலிலேயே பிறந்து கப்பலிலேயே முடிவார்கள், கடைசித் தலைமுறை இறங்கும். 2024 நவம்பரில் ஹைப்பீரியன் திட்டம் என்ற பெயரில் இத்தகைய கப்பலுக்கான வடிவமைப்புப் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதில் முதற்பரிசு பெற்ற கிரிசாலிஸ், 58 கிலோமீட்டர் நீளமும் 2,400 பேர் வரை தாங்கும் கொள்ளளவும் உடையது. பிராக்சிமாவும் அடங்கிய ஆல்ஃபா செண்டாரி விண்மீன் தொகுதியை 400 ஆண்டுகளில் அடையும் என்பது அதன் கணக்கு. மக்கள்தொகையை 1,500 அளவில் நிறுத்திவைக்கப் பிறப்புகள் திட்டமிட்டே நிகழும் என்றும் அதை வரைந்தவர்கள் சொல்கிறார்கள். அவர்களுடைய உழைப்பை மதிக்கிறேன். அவர்கள் சிக்கலை ஒளிக்காமல் முன்வைத்ததால்தான் நம்மால் அதைப் பார்க்க முடிகிறது. நானூறு ஆண்டுகள் என்பது சுமார் பதினைந்து தலைமுறை. அவற்றில் முதல் தலைமுறை ஒன்றுதான் விரும்பி ஏறியது.

மூடிய உலகத்துக்குள் வாழ்வது எப்படியிருக்கும் என்பதை நாம் ஒருமுறை பூமியிலேயே முயன்று பார்த்திருக்கிறோம். 1991 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில், பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் எட்டுப் பேர் நுழைந்து கதவை மூடிக்கொண்டார்கள். சுமார் மூன்று ஏக்கர் பரப்பில் மழைக்காடும், சிறு கடலும், சதுப்புநிலமும், பயிர் செய்ய வயலும் அதற்குள் இருந்தன. ஆண்டு ஒன்று கடந்ததும், 20.9 விழுக்காடாக இருக்க வேண்டிய ஆக்சிஜன் மெல்ல மெல்லக் குறைந்து 14.5 விழுக்காட்டுக்கு அருகே வந்து, மனிதர்கள் மலையுச்சியில் இருப்பவர்களைப் போல மூச்சு வாங்கத் தொடங்கினார்கள். பயிர் செழிக்கட்டும் என்று கொட்டிய வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அவை வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால், காற்று எங்கே போனது என்பதே முதலில் விளங்கவில்லை. கடைசியில் 1993 தொடக்கத்தில் வெளியிலிருந்து ஆக்சிஜனைச் செலுத்த வேண்டியதாயிற்று. மகரந்தம் பரப்பும் பூச்சிகள் அழிந்தன, எறும்பும் கரப்பானும் பெருகின, உள்ளே இருந்தவர்கள் பசியோடு மெலிந்தார்கள், எட்டுப் பேரும் இரண்டு அணியாகப் பிரிந்து போனார்கள். அவர்களில் எவரையும் நான் குறைசொல்லவில்லை. அவர்களால் நாம் கற்றது ஏராளம். ஆனால் அந்த எட்டுப் பேருக்கும் கதவுக்கு வெளியே அரிசோனா இருந்தது. இரண்டாண்டு முடிந்ததும் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். தலைக்கு மேலே 400 கிலோமீட்டரில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம், பயன்படுத்திய நீரில் 98 விழுக்காட்டை மீட்கும் அளவுக்கு இன்று முன்னேறியிருந்தாலும், உணவுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் பூமியிலிருந்து வரும் சரக்குக் கலங்களைத்தான் எதிர்பார்த்திருக்கிறது.

போய்ச்சேரும் இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் ‘வாழ்தகு கோள்’ என்ற சொல் மக்களை மிகவும் தவறாக வழிநடத்துகிறது. விண்மீனிலிருந்து அந்தக் கோள் இருக்கும் தொலைவில் நீர் திரவமாக இருக்கக்கூடும் என்பதற்கு மேல் அச்சொல் எதையும் உறுதி சொல்வதில்லை. பிராக்சிமாவின் கோள் 11.2 நாளுக்கு ஒருமுறை தன் விண்மீனைச் சுற்றுகிறது. அத்தனை நெருக்கத்தில், அந்தச் சிறிய சிவப்பு விண்மீனின் கதிர்வீச்சுச் சீற்றங்கள் அதன் மீது நேரே வந்து விழும். 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட் 1 விண்மீனின் ஏழு கோள்களில் மிக உட்புறக் கோளை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆராய்ந்தபோது, அடர்த்தியான வளிமண்டலத்துக்கு அடையாளம் கிடைக்கவில்லை. இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. பூமியின் ஆக்சிஜன் நீலப்பச்சைப் பாசிகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒளிச்சேர்க்கையில் வெளியிட்டுச் சேர்த்தது. உயிரில்லாத கோளில் நாம் சுவாசிக்கும்படியான காற்று இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அப்படிப்பட்ட காற்றுள்ள கோள், பெரும்பாலும், ஏற்கெனவே வேறோர் உயிர்க்குலத்தின் வீடாகத்தான் இருக்கும். முதல் வகைக் கோளில் நம் பேரர்களின் பேரர்கள் இன்னொரு கூண்டுக்குள்தான் இறங்குவார்கள். இரண்டாவது வகையில் பிறர் வீட்டுக்குள் நுழைவார்கள்.

1967ஆம் ஆண்டின் புறவெளி உடன்படிக்கை தங்கள் குழுவில் உருவானது. விண்ணில் செலுத்தப்பட்ட கலத்தின் மீதும் அதிலுள்ளோர் மீதும், அதைப் பதிவு செய்த நாட்டுக்கே அதிகாரம் என்று அதன் 8ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் செயல்களையும் அந்தந்த நாடு இடைவிடாமல் மேற்பார்வையிட வேண்டும் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. புறப்பட்டு முந்நூறு ஆண்டு கழித்து, ஒரு செய்தி போய்ச்சேரவே மூன்றாண்டுக்கு மேல் ஆகும் தொலைவில் பிறக்கிற குழந்தையை எந்த நாடு, எவ்வாறு மேற்பார்வையிடும்? பிறந்தவுடன் பெயரும் குடியுரிமையும் பெறும் உரிமையைக் குழந்தைக்குத் தந்த 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை அங்கே செல்லுமா? அந்தப் பெண்குழந்தை வளர்ந்து, பிள்ளை பெற விருப்பமில்லை என்று சொன்னால், மக்கள்தொகைத் திட்டம் அவளை விட்டுவிடுமா?

முன்னோர் எடுத்த முடிவுக்குப் பின்னால் பிறந்தவர்கள் விலை கொடுப்பது எப்படியிருக்கும் என்பது தமிழர்களுக்குத் தெரியாததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் தென்மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் சொல்லை நம்பி மக்கள் இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குப் போனார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய வழிவந்தவர்களில் லட்சக்கணக்கானோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. அவர்கள் கடக்கவேண்டியிருந்தது ஒரு குறுகிய கடல்தான். இரு கரையிலும் ஒரே காற்றுதான் வீசியது. அப்படியிருந்தும் அந்தக் காயம் ஆறத் தலைமுறைகள் ஆயின.

எந்தக் குழந்தையும் சம்மதம் கேட்டுப் பிறப்பதில்லையே என்று இதற்கு மறுமொழி வரும். உண்மைதான். ஆயினும் இங்கே பிறந்த குழந்தை வளர்ந்து பெற்றோரின் ஊரை விட்டு, தொழிலை விட்டு, நாட்டையே விட்டுப் போகலாம். கப்பலில் பிறந்தவளுக்குப் போக இடமில்லை. அழிவு வருமுன் மனிதகுலம் இரண்டாவது வீடு தேடிக்கொள்ள வேண்டாமா என்று கேட்பவர்களின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. விண்கல் மோதும் என்ற அச்சத்துக்கு, 2022 செப்டம்பரில் டிமோர்ஃபோஸ் சிறுகோளின் மீது மோதி அதன் சுற்றுக்காலத்தை அரைமணி நேரத்துக்கு மேல் குறைத்த டார்ட் விண்கலம் தந்த விடை எனக்கு நம்பிக்கையளிக்கிறது. சூரியன் வெப்பம் கூடிக் கடல்கள் வற்றச் சுமார் நூறு கோடி ஆண்டுகள் இருக்கின்றன. எவ்வளவு கெட்டுப்போன பூமியும், ஈர்ப்பும் காந்தப்புலமும் காற்றும் உள்ள பூமியாகவே இருக்கும்.

ஆகவே, தங்கள் சட்டத் துணைக்குழுவின் நிகழ்ச்சிநிரலில், விண்மீன்களுக்கிடையிலான குடியேற்றப் பயணமும் அதில் பிறக்கப்போகிறவர்களின் உரிமையும் தனிப்பொருளாக இடம்பெற வேண்டுகிறேன். புறப்பட்டவர்களே தம் வாழ்நாளில் போய்ச்சேரவும், விரும்பினால் திரும்பவும் இயலும் என்ற நிலை வரும்வரை, குடியேற்ற நோக்கோடு மனிதர்களைச் சூரியக் குடும்பத்துக்கு அப்பால் அனுப்புவதில்லை என்று உறுப்பு நாடுகள் தமக்குள் இசைய வேண்டுகிறேன். தொலைநோக்கிகளுக்கும் ஆளில்லா ஆய்வுக்கலங்களுக்கும் இதனால் எந்தத் தடையும் வேண்டாம். அவற்றுக்கு இன்னும் அதிகமாகச் செலவிடுங்கள். அந்த விவாதம் நடக்கும் அறையில் பொறியாளர்களோடு, குழந்தைகள் நலம் அறிந்தவர்களும், நாடற்றவர்களாக வாழ்ந்து பார்த்த சமூகங்களிலிருந்து வந்தவர்களும் அமர வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.