ஆச்சி இருந்தாளா, இருக்கிறாளா?

அன்புள்ள மகளே,

ஆச்சியைப் பற்றி நீ ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் மகளாக. அப்புறம் இத்தனை வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்த பழக்கத்தில், கையில் பேனாவோடு. "எங்கே 'இஸ்', எங்கே 'வாஸ்' என்றே தெரியவில்லை சித்தி" என்று கேட்டிருந்தாய்.

"ஷீ வில் கெட் அப் அட் ஃபோர்" என்று எழுதியிருக்கிறாய். இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆச்சி நாலு மணிக்கு எழுந்திருப்பாள், முற்றம் தெளிப்பாள், கோலம் போடுவாள். வழக்கமாக நடந்த பழைய விஷயத்தைத் தமிழில் எதிர்கால வினையில்தான் சொல்கிறோம். ஆள் போன பிறகும் 'போடுவாள்'தான். அதை 'வில்' ஆக்கினால், நாளைக் காலையில் எழுந்திருக்கப் போகிறாள் என்று அர்த்தமாகிவிடும். அங்கே 'வுட்' வர வேண்டும். பத்தியின் தொடக்கத்தில் ஒரு முறை 'யூஸ்டு டு' போட்டு விடு, காலம் புரிந்துவிடும். அப்புறம் 'வுட்' தொடரட்டும். ஆனால் 'வுட்' திரும்பத் திரும்பச் செய்த காரியத்துக்குத்தான். அவளிடம் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது என்பதற்கு 'ஹேட்' போதும்.

"ஐ ரிமெம்பர்" நிகழ்காலமாகவே இருக்கட்டும். நினைப்பது இன்றைக்கு, அவள் சிரித்தது அன்றைக்கு. ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது என்பதற்கு ஏன் 'வாஸ்' போட்டாய்? ஊரும் ஆறும் அங்கேயேதானே இருக்கின்றன.

சரி, அந்த ஆஸ்பத்திரி ராத்திரி. அங்கே வந்ததும் நீ நிகழ்காலத்துக்குத் தாவிவிட்டாய். அதைத் தப்பு என்று அடிக்க எனக்கு மனசில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1849-50இல் தொடராக எழுதிய 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' பெரும்பாலும் இறந்தகாலத்தில்தான் போகும். 'ரெட்ராஸ்பெக்ட்' என்று தலைப்பிட்ட நான்கு அத்தியாயங்களில் மட்டும் நிகழ்காலத்துக்கு வந்துவிடுவார். டேவிட்டின் இளம் மனைவி டோரா சாவது அதில் ஒன்றில்தான். சில நேரங்கள் முடிந்தும் முடியாமல் நிற்கும், அதை அவர் அறிந்திருந்தார். ஆனால் அவர் அத்தியாயம் மாறும்போது காலத்தை மாற்றினார். நீயோ ஒரே வாக்கியத்தில் நர்ஸை 'கேம்' என்கிறாய், ஆச்சி கண் திறப்பதை 'ஓபன்ஸ்' என்கிறாய். ஒரு வரி இடம் விட்டு, புதுப் பத்தியில் நிகழ்காலத்துக்குள் போ. வெளியே வரும்போதும் அப்படியே வா. முறுக்கு சுடும் காட்சியில் இருக்கிற நிகழ்காலத்தை எடுத்துவிடு. அங்கேயும் வைத்தால் இந்த ராத்திரியின் கனம் குறைந்துபோகும்.

அப்புறம் ஒரு விஷயம் உன் கட்டுரையில் இல்லை. கூப்பிட்டால் அடுப்படியிலிருந்து "இந்தா வந்துட்டேன்" என்பாளே! வந்திருக்கவே மாட்டாள், கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். விரைவைக் காட்ட இப்படிக் காலம் மாறலாம் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. பள்ளிக்கூடத்தில் கால வழுவமைதி என்று படித்திருப்பாய். அதை 'ஐ ஆம் கமிங்' ஆக்கிவிடாதே. ஆங்கில எழுத்தில், அவள் சொன்னபடியே போடு. முதல் பத்தியில் வரட்டும்.

உன்
சித்தி