ஊர் மாறும் காரின் படங்கள்: 'உடனுக்குடன்' வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வாசகர்களின் பயணப் படங்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டு வருவதையும், படங்களைப் 'பயணத்தின்போதே, உடனுக்குடன்' அனுப்புமாறு அங்கே கேட்டுக்கொள்ளப்படுவதையும் கண்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்த 'உடனுக்குடன்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்வதே என் நோக்கம். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

ஹரியாணா மாநிலம் ஃபரீதாபாதில் இருபத்திரண்டு ஆண்டுகள் தொழிற்சாலைப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற நான், கடந்த பிப்ரவரியில் மனைவியுடனும் மகனுடனும் சொந்த ஊரான திண்டுக்கல்லுக்குக் காரிலேயே குடிபெயர்ந்தேன். கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டி ஆகியவை லாரியில் சென்றன. லாரியில் ஏற்ற மனம் வராதவை காரில் ஏறின: வீட்டுப் பத்திரம், மகனின் சான்றிதழ்கள், மனைவியின் நகைகள், இரண்டு மடிக்கணினிகள், என் தாயார் வைத்திருந்த வெண்கல விளக்கு, எவ்வளவு சொல்லியும் விட்டுவர முடியாது என்று மனைவி மடியிலேயே வைத்துக்கொண்ட கறிவேப்பிலைத் தொட்டி. சுற்றுலா செல்பவரின் காரில் நாலு நாள் துணி இருக்கும்; வீடு மாற்றுபவரின் காரில் வீடே இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் புறப்படும்போது நாங்கள் யோசிக்கவே இல்லை.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் நீளும் தேசிய நெடுஞ்சாலை 44, ஃபரீதாபாத் வழியாகவும் திண்டுக்கல் வழியாகவும் செல்கிறது. அதாவது, ஒரே சாலையைப் பிடித்துக்கொண்டு வந்தால் வீடு வந்துவிடும். (எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்னமும் என்.எச். 7-தான்.) வழியில் ஒன்பது மாநிலங்கள், உத்தரப் பிரதேசத்துக்குள்ளும் மத்தியப் பிரதேசத்துக்குள்ளும் இரண்டிரண்டு முறை நுழைய வேண்டியிருந்தது. ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு என நான்கு இரவுகள் தங்கி ஐந்தாம் நாள் மாலை ஊர் வந்து சேர்ந்தோம்.

இந்தப் பயணத்துக்குத் திட்டமிட்டபோது எங்களுக்குப் பெரிதும் உதவியவை, முன்பு இதே சாலையில் வந்தவர்கள் இணையத்தில் இட்டிருந்த படங்கள்தான் என்பதை நான் மறைக்கக் கூடாது. மத்தியப் பிரதேசத்தின் சிவனியைத் தாண்டி பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் செல்லும் பகுதியில், காட்டு விலங்குகள் கீழே கடந்து போவதற்காகச் சாலையையே உயர்த்திப் பாலங்களாகக் கட்டி, வாகனங்களின் ஒலியும் ஒளியும் காட்டுக்குள் போகாதபடி இருபுறமும் தடுப்புகள் அமைத்திருக்கிறார்கள். அந்தத் தடுப்புகளைக் காட்டிய படம் ஒன்றை முன்பே பார்த்திருந்ததால்தான், நல்ல காட்சி கிடைக்கும் என்று அங்கே வண்டியை நிறுத்தும் எண்ணத்தை என் மகன் கைவிட்டான். மேலே போகிறவருக்கு எதுவுமே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அதேபோல் எந்த இடத்துக்குப் பிறகு வெகுதூரம் நல்ல கழிப்பறை கிடையாது, எந்தப் பெட்ரோல் பங்கில் இரவில் வண்டியை ஓரங்கட்டித் தூங்கலாம் என்பதையெல்லாம் வழிகாட்டி நூல் எதுவும் சொல்லித் தராது. சாதாரண மக்கள் எடுத்த மங்கலான படங்களும் அவற்றின் கீழே எழுதிய இரண்டு வரிகளும்தான் சொல்லித் தந்தன. ஆகவே படங்களைப் பகிரவே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல.

நடந்தது இதுதான். ஜான்சியில் இரண்டாம் நாள் விடியற்காலையில் புறப்படும் முன் என் மகன் காரைப் படம் எடுத்துத் தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் இட்டான். மேல் கேரியரில் தார்ப்பாய் போட்டுக் கட்டிய பெட்டிகள், பின் கண்ணாடி வரை அடுக்கிய மூட்டைகள், பளிச்சென்று தெரியும் ஹரியாணா பதிவு எண், கீழே 'இருபத்திரண்டு வருட வீடு இப்போது நாலு சக்கரத்தில். இன்றிரவு நாக்பூர்' என்று ஒரு வரி. முந்தின நாள் நாக்பூரில் தங்க நல்ல இடம் எது என்று கேட்டிருந்தவன், விடுதியின் பெயரைச் சொன்ன ஒருவருக்கு அங்கேயே நன்றியும் கூறியிருந்தான். இரவு எட்டரை மணிக்கு அந்த விடுதி வாசலில் நாங்கள் இறங்கியபோது, முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் எங்களை நோக்கி நடந்து வந்து, என் மகனைப் பெயர் சொல்லி அழைத்தார். 'வண்டி நம்பரைப் பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு, ஐயா. ஆறு மணியிலேர்ந்து நிக்கிறேன்' என்றார். அவர் கையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது.

அவர் அங்கே வேலை பார்க்கும் தமிழர். நம் ஊர்க்காரர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்களே என்று, மனைவியிடம் சொல்லித் தயிர்சாதமும் மாவடுவும் கட்டி எடுத்து வந்திருந்தார். நாங்கள் ரசித்துச் சாப்பிட்டோம். அந்தத் தம்பதிக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டரை மணி நேரம் எங்களுக்காகக் காத்து நின்றவர் கையில் தயிர்சாதம் இருந்தது அவருடைய நல்ல மனம். எங்கள் முன்யோசனை அல்ல. அந்தப் படத்தை அவரைப் போலவே வேறு யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். சுமை இறக்காத கார் எந்த வாசலில், எத்தனை மணிக்கு நிற்கும் என்பதை நாங்களே ஊருக்கு அறிவித்திருந்தோம்.

மறுநாள் ஹைதராபாத் வரும் வழியெல்லாம் இதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். கைப்பேசிக் கேமராவில் இருப்பிட வசதியை இயக்கி வைத்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் படக் கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடுகின்றன என்று மகன் விளக்கினான். பெரிய சமூக வலைத்தளங்கள் பலவும் படத்தை வெளியிடும்போது அவற்றை நீக்கிவிடுகின்றன. ஆனால் படம் தெளிவாகப் போக வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அந்த விவரங்கள் அப்படியே கூடச் செல்கின்றன. நாங்களோ குடும்பக் குழுவுக்கு அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். சரி, அதை அணைத்துவிடலாம். பின்னணியில் தெரியும் பெயர்ப்பலகையையும் நாமே எழுதும் தலைப்பையும் எந்தத் தொழில்நுட்பம் அணைக்கும்?

வண்டி எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவு எண் சாலையில் எல்லோரும் பார்ப்பதுதானே, அதில் என்ன ரகசியம் என்று என் உறவினர் ஒருவர் கேட்டார். சாலையில் பார்ப்பவருக்கு எண் மட்டும் தெரியும். இணையப் பக்கத்தில் எண்ணுடன் நம் பெயர், முகம், ஊர், உறவினர் பட்டியல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. போக்குவரத்து அபராதம் கட்டவில்லை என்று 'ஈ-சலான்' பெயரில் போலிச் செய்தி அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடி நாடெங்கும் நடந்துவரும் காலம் இது. ஒன்பது மாநிலங்களைக் கடந்து வந்த ஒருவருக்குச் சரியான வண்டி எண்ணோடு அப்படி ஒரு செய்தி வந்தால், எங்கோ வேகமாக ஓட்டியிருப்போம் போலிருக்கிறது என்று அவர் நம்பிவிடத்தான் செய்வார்.

இன்னொரு பக்கம், வந்து சேர வேண்டிய வீடு. திண்டுக்கல்லில் எங்கள் பூர்வீக வீடு மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்தது. 'வெள்ளிக்கிழமை மாலை இந்தக் கதவைத் திறப்போம்' என்று அதன் வாசல் படத்தையும் புறப்படும் முன்பே மகன் இட்டிருந்தான். வெளியூர் செல்பவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள் என்று காவல்துறை ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருகிறது. நாம் அங்கே சொல்வதில்லை; உலகத்துக்குச் சொல்லிவிடுகிறோம். நல்லவேளையாக எதுவும் திருட்டுப் போகவில்லை.

ஹைதராபாதிலிருந்து முறையை மாற்றினோம். படம் எடுப்பதை நிறுத்தவில்லை. வெளியிடுவதை மட்டும் ஊர் வந்து சேரும்வரை தள்ளிவைத்தோம். எதிர்பாராத விதமாகப் படங்களும் நன்றாக அமைந்தன. உடனே போட வேண்டும் என்ற அவசரம் இல்லாததால் என் மகன் காரையும் தன் முகத்தையும் விட்டு, ஆறுகளை எடுக்கத் தொடங்கினான். சம்பலையும் நர்மதையையும் கோதாவரியையும் தூக்கக் கலக்கத்தில் கடந்துவிட்டோமே என்று வருந்தி, பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா, கர்னூலில் துங்கபத்திரை, பாமிடி அருகே மணலாகக் கிடந்த வடபெண்ணையாறு, கடைசியில் பரமத்தி வேலூரில் காவிரி என்று ஒவ்வொன்றையும் பிடித்தான். எதைப் போடலாம், எதை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்று ஊர் வந்தபின் மூவரும் உட்கார்ந்து பிரித்தோம்.

வெளியிடாமல் வைத்துக்கொள்ள வேண்டிய பதிவுகளும் உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வாகனம் வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. வண்டி எந்த நாளில் தமிழகத்துக்குள் வந்தது என்ற கேள்வி எழுந்தால் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் பதிவு கைகொடுக்கும் என்று அனுபவஸ்தர்கள் சொன்னதால், அதையும், ஹரியாணாவில் வாங்கிவந்த தடையின்மைச் சான்றின் படத்தையும் பத்திரப்படுத்தியிருக்கிறேன். இத்தகைய சான்றுகளைக்கூட 'ஒருவழியாகக் கிடைத்துவிட்டது' என்று முகவரியும் எஞ்சின் எண்ணும் தெரிய இணையத்தில் இடுபவர்களைப் பார்க்கிறேன்.

ஆகவே தங்கள் பக்கத்துக்கான அறிவிப்பில், பயணம் முடிந்தபின் படங்களை அனுப்புமாறும், வண்டி எண்ணை மறைத்துவிடுமாறும், அழகிய காட்சியோடு சாலையின் நிலை, ஓட்டிய நேரம், தங்கும் வசதி ஆகியவை பற்றி இரண்டு வரிகள் சேர்க்குமாறும் வாசகர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். படம் ஒரு மாதம் பழையதாக இருந்தால் அந்த மாதத்தைக் குறிப்பிட்டு அச்சிடலாம். காவிரிப் பாலம் அதற்குள் எங்கும் போய்விடாது.

இத்துடன் பிப்ரவரியில் எடுத்த நான்கு ஆற்றுப் படங்களை இணைத்துள்ளேன். ஏற்புடையதாக இருந்தால் வெளியிடலாம். பாமிடிப் படத்தின் ஓரத்தில் தெரிவது எங்கள் கறிவேப்பிலைச் செடி. வண்டி நின்ற நேரத்தில் அதற்குத் தண்ணீர் ஊற்ற வெளியே எடுத்து வைத்திருந்தோம்.

தங்கள் உண்மையுள்ள,
நீண்டகால வாசகர் ஒருவர்,
திண்டுக்கல்.