டலோனெகா ஐந்து டாலர்: வாங்குவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

மகளுக்கு அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கல்லூரி இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவளைக் கொண்டுபோய் விடும்போது டலோனெகாவுக்கும் ஒரு நடை போய் வா. தங்கக் காசு அடித்த பழைய மின்ட் (நாணயச் சாலை) கட்டடம் 1878இல் எரிந்துவிட்டது. அதன் அடித்தளத்தின் மேல்தான் இப்போது வடக்கு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் பிரைஸ் நினைவு மண்டபம் நிற்கிறது. ஊர்ச் சதுக்கத்தில், பழைய நீதிமன்றக் கட்டடத்தில் தங்க அருங்காட்சியகம் இருக்கிறது. மின்ட்டில் அடித்த காசுகளை அங்கே நேரில் பார்த்துவிடு. ஜார்ஜியா மலைத் தங்கத்தில் வெள்ளி கலந்திருப்பதால் பல காசுகளில் லேசான பச்சை கலந்த மஞ்சள் நிறம் தெரியும். படத்தில் அது சரியாக வராது.

நீ கேட்ட 1847 டலோனெகா ஐந்து டாலர் தங்கக் காசு நல்ல தேர்வு. 64,405 அடித்தார்கள், அதனால் தேடினால் கிடைக்கும். ஆனால் ஸ்லாப் (தரச் சான்று நிறுவனம் காசை வைத்து மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டி) இல்லாமல் வருகிறது என்றாயே, அங்கேதான் எனக்கு யோசனை. அதே ஆண்டு பிலடெல்பியாவில் ஒன்பது லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டுவது பின்புறம் கழுகின் கீழே உள்ள சின்ன ‘டி’ (D) எழுத்து மட்டும்தான். மலிவான பிலடெல்பியா காசில் அந்த எழுத்தை ஒட்டி விற்பவர்கள் உண்டு.

முதலில் எடை. 8.36 கிராம், 90 டச், குறுக்களவு 21.6 மி.மீ. நன்றாகத் தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். அடுத்து அடர்த்தி: தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துச் சுழியாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க அமிழ்த்து. தராசு சுமார் 0.486 கிராம் காட்ட வேண்டும். காசின் எடையை அதனால் வகுத்தால் 17.2 வரும், வெள்ளி கூடுதலாக இருந்தால் சற்றே ஏறும். இரண்டு தசமத் தராசு இதற்கு உதவாது, 0.01 தவறினாலே விடை ஏறக்குறைய 0.35 நகர்ந்துவிடும். மூன்று தசமம் காட்டும் தராசு வேண்டும். உரைகல்லில் மட்டும் உரசிவிடாதே.

இவ்வளவும் சரியாக வந்தாலும் போலித் தங்கம் இல்லை என்றுதான் பொருள். எழுத்து ஒட்டப்பட்ட காசும் அசல் தங்கம்தானே! ஆகவே பத்து மடங்கு லென்ஸை எடு. அச்சுகளைப் பிலடெல்பியாவில் செய்து, ‘டி’யையும் அங்கேயே அச்சில் கையால் குத்தி அனுப்பினார்கள். அதனால் அசலில் எழுத்து காசின் தளத்திலிருந்தே எழும்பி நிற்கும். ஒட்டியதில் அடியைச் சுற்றி மெல்லிய கோடு, நிறமாற்றம், பசையை மறைக்கத் தேய்த்த கீறல்கள் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார். கையால் குத்தியதால் எழுத்தின் இடம் அச்சுக்கு அச்சு மாறும். ஆனால் ஓர் ஆண்டுக்கு டலோனெகா பயன்படுத்திய அச்சுகள் சிலவே. பழைய ஏலப் படங்களில் உள்ள எந்த இடத்தோடும் பொருந்தாவிட்டால் வாங்காதே.

மங்கலான அச்சைத் தேய்மானம் என்று நினைத்துவிடாதே. டலோனெகாவில் முன்புறப் பெண் தலையின் கூந்தல் சுருளும் கழுகின் கழுத்தும் பல சமயம் சரியாக விழவில்லை. தேய்ந்த மேடு நிறம் மாறி மந்தமாக இருக்கும். அச்சு விழாத மேட்டில் மினுமினுப்பு தொடரும். நான் அதிகம் அஞ்சுவது மெருகு போட்ட காசுக்குத்தான். ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகளும், எழுத்து இடுக்குகளில்கூட அழுக்கே இல்லாத பளபளப்பும் அதன் அடையாளம். தரச் சான்று நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டுமே அதற்கு எண் கிரேடு தராமல் குறையை எழுதிவிடும், விலையும் சரிந்துவிடும். இயல்பாகத் தேய்ந்து அழுக்கேறிய காசு அதைவிட எவ்வளவோ மேல்.

பிவிசி உறையின் பச்சைப் பிசுக்கு இருந்தால் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி ஊறவிடு. நெருப்பு அருகில் கூடாது, நகப்பூச்சு நீக்கி வேண்டாம், துணியால் துடைக்கவும் கூடாது.

அடித்த எண்ணிக்கையை வைத்து மட்டும் விலையை எடை போடாதே. 1933இல் அமெரிக்க அரசு தங்கத்தைத் திரும்பப் பெற்றபோது ஏராளமான காசுகள் உருக்கப்பட்டன. மாறாக, 1857 சான்பிரான்சிஸ்கோ இருபது டாலர் புதுக்காசாக அரிது என்றிருந்தது; 1857இல் மூழ்கிய ‘சென்ட்ரல் அமெரிக்கா’ கப்பலிலிருந்து அது ஆயிரக்கணக்கில் வெளிவந்தது.

விற்பவரிடம் திருப்பித் தரும் காலக்கெடுவை எழுத்தில் வாங்கிக்கொள். எனக்கு ‘டி’யின் நெருக்கப் படத்தையும் விளிம்புப் படத்தையும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்