கடைசியா எப்போ குடிச்சீங்க? நீலகிரி வார்டு செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சிஸ்டர்களுக்கும் பிரதர்களுக்கும்,

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று மலையில் எந்த ஊர் ஜெனரல் வார்டில் நீங்கள் இருந்தாலும் இந்த ஆளைப் பார்த்திருப்பீர்கள். மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி, விழுந்து, கால் முறிந்து வந்திருப்பார். முதல் நாள் வலியைத் தவிர வேறு தொந்தரவு தெரியாது. மறுநாள் கை நடுங்கும், வேர்க்கும், சாப்பாடு இறங்காது. மூன்றாம் நாள் ராத்திரி டிரிப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சுவரெல்லாம் பூச்சி ஊருது, வாசல்ல காட்டெருமை நிக்குது என்பார். பக்கத்து பெட்காரர் பேய் என்பார். டியூட்டியில் இருப்பவர்களில் யாராவது திமிர் என்பார்கள். கடைசியில் பேண்டேஜ் துணியால் கையும் காலும் கட்டிலோடு கட்டப்படும்.

எலும்பு முறிவு என்று சேர்ந்தவருக்கு வந்திருப்பது குடி நின்றதால் வருகிற நோய். வருஷக்கணக்காக மூளையை மந்தப்படுத்திக்கொண்டிருந்த சாராயம் ஒரே நாளில் நின்றுவிட, அதை எதிர்த்து வேகமாக ஓடப் பழகிய மூளை கடிவாளம் இல்லாமல் ஓடுகிறது. நடுக்கம் கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 8 மணி நேரத்தில் தொடங்கலாம். ஃபிட்ஸ் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். இல்லாததைப் பார்க்கிற, நாள் கிழமை தெரியாத அந்தக் குழப்பம் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வரும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். ஆகவே கடைசியாகக் குடித்த நேரம் கேஸ் ஷீட்டில் இருந்தால், எந்த ஷிஃப்ட்டில் கண் விழித்துப் பார்க்க வேண்டும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். நான் பார்த்த பல கேஸ் ஷீட்டுகளில் சுகர், பிபி, அலர்ஜி எல்லாம் இருக்கும், இது மட்டும் இருக்காது.

கேட்கும் விதமும் முக்கியம். மனைவியையும் கூட்டிவந்த மேஸ்திரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு "குடிப்பீங்களா?" என்றால் "இல்லீங்க சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். தனியாக, சாதாரணமாக, "கடைசியா எப்போ குடிச்சீங்க? எவ்வளவு?" என்று கேளுங்கள். "ஒரு குவார்ட்டர்தான்" என்பார். அந்த 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. குடிப் பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் தந்த 10 கேள்விகள் கொண்ட ஆடிட் படிவத்தில், ஒரே நேரத்தில் 6 டிரிங்க்ஸோ அதற்கு மேலோ எத்தனை தடவை குடிக்கிறார் என்று ஒரு கேள்வி உண்டு. ஒரு டிரிங்க் 10 கிராம் என்று வைத்தால், "ஒரு குவார்ட்டர்தான்" என்பதே அந்த 6-ஐத் தொட்டுவிடுகிறது. பெண்களையும் கேளுங்கள். கொழுந்து பறிக்கும் அக்காமாரில் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். யாரும் கேட்பதில்லை என்பதால் அவர்களும் சொல்வதில்லை.

அப்புறம் குளுக்கோஸ். "தெம்பே இல்ல, ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று வீட்டார் கேட்பார்கள். நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் பி1 சத்து வற்றியிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், இருக்கிற கொஞ்சமும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். தயமின் (அதாவது பி1) ஊசி முதலில், இல்லையென்றால் கூடவே போக வேண்டும் என்று டாக்டருக்கு நினைவூட்டுவது நம் வேலை. சுகர் ஆபத்தாகக் குறைந்திருந்தால் மட்டும் தயமினுக்காகக் காத்திருக்காதீர்கள். தள்ளாட்டம், கண் ஒரு நிலையில் நில்லாமல் ஆடுவது, குழப்பம் என்று அந்தப் பாதிப்பின் அடையாளங்கள் போதையைப் போலவே இருப்பதுதான் கொடுமை.

வாடை அடிக்கிறது என்று ஓரமாகப் படுக்கவைக்கப்பட்டவருக்கும் இதே கதிதான். குளிருக்குக் குடிக்கிறோம் என்று நம் ஊரில் சொல்வார்கள். உண்மையில் குடி தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை வெளியே விடுகிறது. ஜனவரி மாத ஊட்டியில் ரோட்டோரம் விழுந்து கிடந்தவருக்கு சுகர், டெம்பரேச்சர், தலையில் அடி, மூன்றையும் பார்த்த பிறகுதான் "தண்ணி கேஸ்" என்று சொல்ல நமக்கு உரிமை.

கட்டிவைப்பது பற்றி. மதுவால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டியும் கட்டக் கூடாது என்கிறது அதன் 97-ஆவது பிரிவு. முப்பது பெட்டுக்கு ஒரே ஆளாக நைட் பார்ப்பவருக்கு இதைப் படித்தால் சிரிப்புதான் வரும், எனக்கும் வந்தது. ஆனாலும் விளக்கு எரியட்டும், பேர் சொல்லிப் பேசுங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். நடுக்கத்தையும் பதற்றத்தையும் அடக்க டாக்டர் எழுதிய டயஸிபாமோ லோரஸிபாமோ நேரத்துக்குப் போகட்டும், போட்ட பிறகு மூச்சை எண்ணிக்கொண்டிருங்கள். பாதி ரகளை கட்டாமலே அடங்கும். ஊட்டிக்கு ரெஃபர் செய்தால் கடைசிக் குடி நேரமும் கடைசி டோஸ் நேரமும் ரெஃபரல் சீட்டில் போகட்டும். கூடலூரிலிருந்து மேலே ஏறும் அந்த 50 கிலோமீட்டரில் ஃபிட்ஸ் வந்தால் 108-இல் இருப்பவருக்கு அதுதான் துணை.

ரகசியமாகச் சாப்பாட்டில் கலக்க மருந்து கேட்டு வரும் மனைவிமாரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். குடி ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் அவர் குடித்தால் நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி, ஆளே போகலாம். அவர் சம்மதம் இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது முறை வந்தவரிடம் "மறுபடியும் வந்துட்டியா?" என்று கேட்கிறோம். மாத்திரையை நிறுத்திவிட்டு வந்த பிபி நோயாளியிடம் இந்தக் குரலில் பேசுவோமா? எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. யானைக் காலில் கண்ணாடி குத்தக் கூடாது என்று 2022-இல் நம் மாவட்டத்தில் டாஸ்மாக் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரத் தொடங்கியது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. பாட்டிலைத் திரும்ப வாங்க ஒரு ஏற்பாடு இருக்கிற ஊரில், அதைக் குடித்தவர் திரும்பி வருவதற்கு இருக்கும் முதல் வாசல் பெரும்பாலும் நம் வார்டுதான்.

நர்சிங் சூப்பரின்டெண்டன்ட்களுக்குத் தனியாக ஒன்று. அட்மிஷன் ஷீட்டில் கடைசிக் குடி நேரத்துக்கு ஒரு வரி அச்சிட்டுத் தாருங்கள். நடுக்கம், வேர்வை, பதற்றம் என்று பத்து விஷயங்களுக்கு மார்க் போட்டு, குடி நின்றதால் வரும் பாதிப்பை அளக்கும் சீவா படிவத்தை ஒவ்வொரு வார்டிலும் வையுங்கள். அதற்கு மெஷின் வேண்டாம், சில நிமிஷம் போதும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாக இருக்கிறார்கள். பணியர், காட்டுநாயக்கர் நோயாளிகளிடம் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று அவர்களிடம் ஒரு நாள் பயிற்சி கேட்டால் தப்பில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் 14416, 14446 என்ற இரண்டு இலவச எண்களையும் சீல் அடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். முதலாவது டெலிமானஸ் மனநல உதவி, மற்றது போதை மீட்பு உதவி.

இப்படிக்கு,
மலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஸ்டாஃப் நர்ஸ்