நிறையை மட்டும் பார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சலரோகம் என்றாலே "சோற்றைக் குறையுங்கோ, உடம்பைக் குறையுங்கோ" என்பதுதான் வன்னியில் எல்லாரும் சொல்லும் புத்திமதி. எனக்கு நாற்பது தாண்டி வந்தது வேறு வகை. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை மெல்ல மெல்ல அழிக்கிறது. மெலிந்தவர், பருத்தவர் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. ஆரம்பத்தில் குளிசைக்குக் கட்டுப்படுவதால் பலருக்கு, பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் இரண்டாம் வகைச் சலரோகம் என்றே எழுதிவிடுகிறார்கள்.

இன்சுலின் தொடங்கினால் பலருக்கு நிறை கூடும். அதுவரை சிறுநீரோடு போன சீனி இனி உடம்பில் சேர்கிறது, அவ்வளவுதான். வயலில் நிற்கும்போது சீனி இறங்கிக் கைகால் நடுங்கினால், பசி இல்லாவிட்டாலும் இனிப்புச் சாப்பிட்டே ஆகவேண்டும். இதெல்லாம் தெரியாமல் கிளினிக் வரிசையில் எல்லார் முன்னாலும் "வாயைக் கட்டத் தெரியாதா?" என்று கேட்பது மிகவும் நோகிறது. ஏச்சுக்குப் பயந்து ஊசியைக் குறைத்துப் போடுவது உயிருக்கே ஆபத்து.

குளிசையைக் கூட்டியும் சீனி இறங்காதவர்களுக்கு ஜிஏடி பிறபொருளெதிரி (எதிர்ப்புச் சக்தி கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டுவது), சி-பெப்டைட் (உடம்பு இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது) ஆகிய பரிசோதனைகளை வைத்தியர்கள் செய்து பார்க்க வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நோயாளர்கள் இவற்றை அலைச்சலின்றி இலவசமாகச் செய்துகொள்ள மாகாண சுகாதாரத் துறை வழிசெய்ய வேண்டும்.

வாசகி,
மாங்குளம்